வண்ணம் பூசிய விலங்கு

கொடும்பாவி கட்டி இழுப்பதும் முச்சந்தியில் வைத்துக் கொளுத்துவதும் நம் தோழர்களுக்குப் புதிய செய்தி அல்ல. மழை பொய்த்தால் கிராமத்தார் கொடும்பாவி இழுப்பார்கள். மக்களை மறந்த மந்திரிக்கு எதிராக ஊர்வலம் புறப்பட்டால், வைக்கோலும் கந்தலும் மந்திரியாகிவிடும். வெந்து சாம்பலானதும் கட்டிய கையை யாரும் நினைப்பதில்லை. அப்படிக் கொடும்பாவி கட்டிப் பிழைத்த ஒரு கை, உலகமே விலை கொடுத்து வாங்கும் உருவங்களைப் படைத்தது என்றால், அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று கேட்கத்தானே வேண்டும்?

மெக்சிகோவில் ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமையன்று யூதாஸைக் கொளுத்துவார்கள். ஸ்பெயின்காரன் கொண்டுவந்த வழக்கம் அது. முப்பது வெள்ளிக்காசுக்கு ஏசுவைக் காட்டிக் கொடுத்தவனுக்கு ஆண்டுதோறும் தண்டனை என்பது மேலுக்குச் சொல்லும் காரணம். மெக்சிகோ நகரத்து ஏழை மக்களோ அந்த யூதாஸுக்குத் தங்களுக்குத் தெரிந்த முகத்தை வைத்தார்கள். கொம்பும் வாலும் கொண்ட பிசாசு ஒரு யூதாஸ். மீசை முறுக்கிய பண்ணையார் ஒரு யூதாஸ். மார்பில் பதக்கம் தொங்கும் படைத்தலைவன் ஒரு யூதாஸ். மேடையில் வாய் கிழியப் பேசிய அரசியல்வாதியும் ஒரு யூதாஸ்! நாணலும் கம்பியும் எலும்பு. பழைய செய்தித்தாளை மாவுப் பசையில் தோய்த்து ஒட்டியது தோல். அதன்மேல் பளீரென்ற வண்ணம். உடம்பைச் சுற்றிலும் வெடி. திரியில் தீ வைத்தால் காட்டிக் கொடுத்தவன் சுக்கு நூறாவான். தெரு கைகொட்டிச் சிரிக்கும். ஆண்டு முழுவதும் அடங்கிக் கிடந்தவனுக்கு அன்று ஒரு நாள் அந்தச் சிரிப்பு சொந்தம்.

இந்த யூதாஸ்களையும் திருவிழா முகமூடிகளையும், குழந்தைகள் கோலால் அடித்து உடைக்கும் மிட்டாய்ப் பொம்மைகளையும் செய்து வயிறு வளர்த்தவர் பெத்ரோ லினாரெஸ். 1906இல் பிறந்தவர். 1936இல் கடும் நோயில் விழுந்து நினைவு தப்பிக் கிடந்தார். அப்போது கனவில் ஒரு காடு கண்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். பாறையும் மேகமும் மிருகங்களாக மாறின. பட்டாம்பூச்சியின் சிறகோடு ஒரு கழுதை; காளையின் கொம்போடு ஒரு சேவல்; கழுகின் தலையோடு ஒரு சிங்கம். எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சல்: "அலெப்ரிஹெஸ்! அலெப்ரிஹெஸ்!" அன்று எந்த அகராதியிலும் இல்லாத சொல் அது, காய்ச்சல் தந்த சொல். எழுந்து உட்கார்ந்ததும் தம் குடும்பத்தாருக்கு அந்த மிருகங்களைக் காட்ட விரும்பினார். பேச்சால் காட்ட இயலவில்லை. கையில் இருந்தது காகிதமும் பசையும்தான். அதைக் கொண்டே காட்டினார்.

கனவு மெய்யோ, பிற்காலத்தில் மெருகேறிய கதையோ, நாம் அதற்குச் சாட்சி சொல்ல வரவில்லை. ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறோம். அந்த மிருகத்தின் கொம்பு, பல், நாக்கு, சிறகு எல்லாம் யூதாஸ் பிசாசுக்கு அவர் ஆண்டுக்கணக்கில் ஒட்டி வந்த கொம்பும் பல்லும்தானே? தொழிலாளியின் கனவில் அவன் தொழில்தான் வந்தது.

ஓவியர் தியேகோ ரிவேராவைத் தோழர்கள் அறிவார்கள். மெக்சிகோ அரசாங்கக் கட்டடங்களின் சுவர்களில் உழவனையும் ஆலைத் தொழிலாளியையும் ஆளுயரத்துக்கு மேல் தீட்டி வைத்த பொதுவுடைமைக்காரர். அவருடைய ஓவியக் கூடத்தில் கூரையைத் தொடும் யூதாஸ் உருவங்கள் காவல்காரர்களைப் போல் நின்றன. அவரும் அவர் துணைவியார் ஃபிரீடா காலோவும் லினாரெஸின் கைவேலையை விரும்பி வாங்கியவர்கள். ஆனால் நாட்டின் உயரிய கலைப்பரிசு லினாரெஸைத் தேடி வந்தபோது ஆண்டு 1990. 80 வயதைத் தாண்டியிருந்தார். 1992இல் மறைந்தார். மகன்களும் பேரர்களும் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

காகித மிருகத்தின் கதை இவ்வளவு. மர மிருகத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. நமக்கு வேண்டிய செய்தி அதில்தான் இருக்கிறது.

தலைநகருக்குத் தென்கிழக்கே வாஹாக்கா என்ற மாநிலம். சப்போத்தெக் மக்களின் பழைய பூமி. மலை உச்சியைச் சமன் செய்து அவர்கள் கட்டிய மோந்தே அல்பான் நகரம், கி.மு. 500 அளவில் தோன்றியது. அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அர்ரசோலா என்னும் சிற்றூர். மலைமேல் அரசர்களின் கல்லறை. மலையடியில் கூலிக்காரனின் குடிசை. பண்ணை முதலாளிக்கு உழைத்தவர்களின் வழிவந்த ஊர் அது. தமிழில் விலங்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். அர்ரசோலா மக்களுக்கு முதலில் கிடைத்தது காலில் பூட்டிய விலங்கு. கையால் செதுக்கிய விலங்கு பிறகுதான் வந்தது.

மனுவேல் ஹிமேனெஸ் 1919இல் பிறந்தவர். ஆடு மாடு மேய்த்த சிறுவன், பொழுது போகக் களிமண்ணில் பொம்மை பிடித்தான். பிறகு மரத்துக்கு மாறினான். வளர்ந்தபின் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1950களின் இறுதியில் வாஹாக்கா நகரில் கடை வைத்திருந்த ஓர் அமெரிக்கர் அவர் பொம்மைகளை வாங்கத் தொடங்கினார். பத்தாண்டுக்குள் அவை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் ஏறின. அண்டை வீட்டார் பலரும் உளியைத் தொட்டது 1980களில்.

தெஹாலாபாம் பகுதியில் தொடங்கியவர் மார்த்தீன் சந்தியாகோ. அவர் கதை நம் தொழிலாளத் தோழர்களின் நெஞ்சைத் தொடும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வயல்களில் ஆள் பஞ்சம். 1942இல் இரு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு மெக்சிகோ உழவர்களைக் கூலிக்கு ஏற்றுமதி செய்தன. அவர்களுக்குப் 'பிரசெரோ' என்று பெயர். பிரசோ என்றால் கை. ஆளுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை; கை மட்டும்தான்! தொடக்க ஆண்டுகளில் கூலியில் நூற்றுக்குப் பத்து பிடித்து, ஊர் திரும்பியதும் தருவோம் என்று மெக்சிகோ வங்கிக்கு அனுப்பினார்கள். பல்லாயிரம் பேருக்கு அந்தப் பணம் வரவேயில்லை. முடி நரைத்த பிறகு தெருவில் நின்று அதைக் கேட்டுப் போராடினார்கள். 1964இல் ஒப்பந்தம் முடிந்தது. கைகள் ஊர் திரும்பின. நிலமோ வானம் பார்த்த பூமி. சந்தியாகோ மரம் செதுக்கக் கற்றார். தம் சகோதரர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். அந்நியன் வயலில் கை என்று மட்டும் அழைக்கப்பட்டவன், தன் ஊர் மரத்தடியில் அந்தக் கையால் ஒரு மானைச் செய்தான்.

செய்முறையைச் சற்றுச் சொல்ல வேண்டும். மரத்தின் பெயர் கோப்பால். பச்சையாக இருக்கையில் இளகியிருக்கும், காய்ந்தால் இறுகும். அதன் பிசின்தான் பழங்காலந்தொட்டு அங்கே சாம்பிராணி. கிளை எப்படி வளைந்திருக்கிறதோ அப்படித்தான் மிருகம் பிறக்கும். கவட்டைக் கிளை கண்டால் செதுக்குபவன் அதில் கொம்பைப் பார்ப்பான். கோணல் கிளை கண்டால் உடும்பின் வால். வெட்டுக்கத்தியால் முதல் உருவம். பிறகு உளியும் சிறுகத்தியும். பெரிய உருவம் உலரப் பல மாதம் பிடிக்கும். உலரும்போது வெடிக்கும், வெடிப்பில் மரச்சிராயும் மரத்தூளும் பசையும் கலந்து அடைக்க வேண்டும். பூச்சி அரிக்கும், அதற்கும் மருந்து வேண்டும். பின் உப்புத்தாள் தேய்ப்பு. அதன்பிறகே வண்ணம்; புள்ளிமேல் புள்ளி, கோட்டருகில் கோடு. ஒரு சாண் உருவத்தில் ஆயிரம் புள்ளி வைப்பவர்களின் கண் என்ன பாடு படும் என்பதைத் தறியில் உட்கார்ந்தவர்களும் பீடி சுற்றியவர்களும் சொல்லாமலே அறிவார்கள்.

அந்த வண்ணம் பெரும்பாலும் பெண்களின் வேலை. மரம் வெட்டுவதும் செதுக்குவதும் ஆண். தேய்ப்பதும் தீட்டுவதும் பெண். வாங்க வருபவன் முதலில் மயங்குவது வண்ணத்தில்தான். ஆனால் உருவத்தின் அடியில் கையெழுத்து? நெடுங்காலம் அது வீட்டு ஆண்மகனுடைய பெயராகவே இருந்தது. பல பட்டறைகளில் இன்றும் அப்படித்தான். கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்துப் போடும் பட்டறைகள் தில்காஹெத்தே ஊரில் தோன்றியிருக்கின்றன. இது அலங்காரச் செய்தி அல்ல. கூலி யாருக்கு, புகழ் யாருக்கு என்ற பழைய வழக்கில் ஒரு தீர்ப்பு.

சிவப்பு வண்ணத்தைப் பற்றி ஒரு சொல். வாஹாக்காவின் சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் இரத்தச் சிவப்புச் சாயம் கிடைக்கும். அதற்குக் கொச்சினீல் என்று பெயர். ஸ்பெயின் தன் மெக்சிகோ ஆட்சியிலிருந்து அள்ளிச் சென்ற செல்வத்தில் வெள்ளிக்கு அடுத்த இடம் அந்தப் பூச்சிக்கு. இரகசியத்தைத் திருட மற்ற நாட்டார் துடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்! 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. வந்தது மட்டமான வேறு இனம். அந்தச் சிவப்பு கிடைக்கவில்லை. கம்பெனிக்காரன் ஏமாந்த கதைகள் சிலவே; அதில் இது ஒன்று. இன்று தில்காஹெத்தேயில் சில பட்டறைகள் மறுபடியும் இந்தப் பூச்சியையும் அவுரியையும் கோப்பால் பட்டையையும் அரைத்து வண்ணம் கூட்டுகின்றன.

சரி, இந்த உருவங்களின் உட்பொருள் என்ன?

ஒவ்வொரு மனிதனுக்கும் பிறப்போடு ஒரு விலங்குத் துணை உண்டு என்பது அம்மக்களின் பழைய நம்பிக்கை. அதற்குத் தோனா என்று பெயர். குழந்தை பிறந்த இரவில் சாம்பல் தூவி வைத்து, காலையில் அதில் பதிந்த காலடியைக் கொண்டு துணையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்வார்கள். (ஊர்ப்பூனை உலாவும் தெருவில் எல்லாக் குழந்தைக்கும் பூனைதான் துணையாக வாய்த்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது!) அந்த விலங்குக்கு அடிபட்டால் மனிதனுக்கும் வலிக்கும். இன்னொன்று நாவால், மனிதனே மிருகமாக மாறும் வல்லமை. இருட்டில் தனிவழி போகிறவன் அஞ்சும் கதை அது. பழைய நாட்காட்டி ஒன்றும் உண்டு. 20 நாட்பெயர்களை 13 எண்களோடு கோத்து 260 நாள் சுற்று. முதலை, பாம்பு, மான், முயல், நாய், குரங்கு என்று நாளுக்கே விலங்கின் பெயர். மோந்தே அல்பானில் கிடைத்த மண் உருவங்களில் ஜாகுவார் என்னும் பெரும்பூனை உண்டு. அது இரவின் அரசன், ஆட்சியின் அடையாளம். இறந்தவனை ஆற்றுக்கு அக்கரை சேர்ப்பது நாய். ஆந்தை அலறினால் சாவு என்று அங்கேயும் அஞ்சுவார்கள். நிலவில் முயல் இருப்பதை அவர்களும் கண்டார்கள். கடல் கடந்து யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அண்ணாந்து பார்த்தவர்கள் கண்டார்கள், அவ்வளவே.

இவற்றை மெய்யென்று நாம் சொல்லவில்லை, சொல்லமாட்டோம். ஆனால் மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. நிலம் பறிபோனவன், மொழி பறிபோனவன், தெய்வத்தையும் ஸ்பெயின்காரன் மாற்றிவிட்டவன், தனக்கென்று ஒரு துணை காட்டில் நடமாடுகிறது, அதன் காலில் சங்கிலி இல்லை என்று எண்ணிக் கொண்டான். அந்த எண்ணத்தில் அவனுடைய ஏக்கம் தெரிகிறது.

இனித்தான் வியாபாரி உள்ளே வருகிறான்.

கடையில் அந்த மர மிருகத்துக்குக் கழுத்தில் ஒரு சீட்டுத் தொங்கும். தொன்மையான சப்போத்தெக் மந்திரச் சின்னம், ஆயிரமாண்டு மரபு என்று அச்சிட்டிருக்கும். உண்மை என்ன? வண்ணம் பூசிய இந்த மர மிருகத் தொழிலின் வயது ஒரு மனித ஆயுளுக்குச் சற்று ஏறக்குறைய. அதற்கு முன் அவ்வூர்களில் முகமூடி செதுக்கியவர்கள் உண்டு, குழந்தைப் பொம்மை செய்தவர்கள் உண்டு. இந்த வடிவமும் இந்த வண்ணமும் இல்லை. அலெப்ரிஹெ என்ற பெயரே தலைநகரத்துக் காகிதக்காரருடையது. பின்னாளில் வாஹாக்கா மரத்தின்மேல் வந்து ஒட்டிக் கொண்டது. வாங்குபவன் யானை கேட்டால் யானை, ஒட்டகச்சிவிங்கி கேட்டால் அதுவும். யானையைக் கண்ணால் காணாத ஊரில் யானை பிறந்தது! 1980களில் அமெரிக்காவின் தென்மேற்கில் வானத்தை நோக்கி ஊளையிடும் கொயோத்தேப் பொம்மை வீட்டுக்கு வீடு நாகரிகமானது. உடனே வாஹாக்காவிலும் கொயோத்தேக்கள் கழுத்தைத் தூக்கின. அதற்கும் ஆழ்ந்த உட்பொருள் கடைக்காரன் சொல்லியிருப்பான்.

கொயோத்தே என்பது நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட பிராணி. மெக்சிகோ மக்களின் பேச்சில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. இடையில் நின்று கமிஷன் அடிக்கும் தரகன் கொயோத்தே. பணம் வாங்கிக் கொண்டு ஏழைகளை எல்லை தாண்டிக் கடத்துபவனும் கொயோத்தே. உருவங்களின் உட்பொருள் தேடும் அறிஞர்கள் இந்த ஒரு பொருளையும் குறித்துக் கொண்டால் நல்லது. கிராமத்து முற்றத்தில் ஒரு விலை, நகரத்துக் கடையில் ஒரு விலை, எல்லை கடந்தால் ஒரு விலை. மிருகம் அதேதான்; புள்ளி ஒன்றுகூடக் கூடவில்லை. கைவினைஞரிடம் நேரே வாங்கி விற்க 1974இல் மெக்சிகோ அரசாங்கம் ஃபோனார்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. பெயர் பெற்ற பட்டறைகளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் வாசலுக்கே வருகிறார்கள். பெயர் பெறாதவனுக்குத் தரகனே கதி.

தொன்மை என்று பொய் சொன்னால் என்ன குடிமுழுகிப் போயிற்று, அவனுக்கு நாலு காசு கிடைக்கட்டுமே என்று கேட்பார் உண்டு. பொய்யால் வரும் நட்டம் இதுதான்: ஆயிரமாண்டு மரபு என்று சொன்னதும் படைத்தவன் மறைந்து போகிறான். மரபு செய்தது, மண் செய்தது, முன்னோர் ஆவி செய்தது. இவன் வெறும் கை! பிரசெரோ என்று அழைத்தவனும் அதைத்தானே சொன்னான்? ஹிமேனெஸ் யோசித்துச் செய்தார். சந்தியாகோ பிழைக்க வழி தேடிக் கற்றார். ஒரு பெண் தன் சமையலறைத் திண்ணையில் எந்தப் பச்சைக்குப் பக்கத்தில் எந்த மஞ்சள் என்று தானே முடிவு செய்தாள். அவர்களை முன்னோரின் நிழலாக்கி விட்டால், கூலி கேட்கும் வாயும் அடைபட்டுப் போகும். நிழலுக்கு ஏது கூலி?

பெரிய முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. 2013இல் டிஸ்னி நிறுவனம், மெக்சிகோ மக்கள் இறந்தோரை நினைக்கும் 'மாண்டோர் திருநாள்' என்ற பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கேட்டது. திருநாளுக்குப் பட்டா! எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. 2017இல் வெளிவந்த 'கோக்கோ' என்ற படத்தில் அலெப்ரிஹெக்கள் மாண்டோர் உலகத்தில் வழிகாட்டும் ஆவிகளாக வந்தன. லினாரெஸின் கனவில் அப்படி ஒரு வேலை அவற்றுக்கு இல்லை. ஆனால் இன்று வாஹாக்காவுக்கு வரும் பயணி அந்த விளக்கத்தைத்தான் எதிர்பார்த்து வருகிறான். உட்பொருள் எங்கே உற்பத்தியாகிறது என்று பார்த்தீர்களா? பழங்குடிகளின் கலைச்செல்வம் அந்தந்தச் சமூகத்தின் பொதுவுடைமை, அவர்கள் இசைவின்றி வணிகம் செய்யக் கூடாது என்று 2022 சனவரியில் மெக்சிகோ சட்டம் செய்தது. ஆனால் அர்ரசோலாக் குடிசைக்காரன் அந்நிய நாட்டுப் பெருங்கடைமீது வழக்காட வேண்டுமானால் வக்கீல் கட்டணத்துக்கு எத்தனை உடும்பு செதுக்க வேண்டும்?

வந்து போகும் பயணியை நம்பிய பிழைப்பு எவ்வளவு மெலிந்த கயிறு என்பதையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். 2006 மே மாதம் வாஹாக்கா ஆசிரியர்கள் வேலை நிறுத்தம் செய்து நகரச் சதுக்கத்தில் அமர்ந்தார்கள். சூன் 14 அன்று காவல்படை பாய்ந்தது. ஆசிரியருக்குத் துணையாக ஊரே எழுந்தது. மாதக்கணக்கில் நகரம் போராட்டக்காரர் கையில் இருந்தது. அக்டோபரில் மத்திய அரசின் படை நுழைந்தது. பயணிகள் வரவு நின்றது. கிராமங்களில் வண்ணம் காய்ந்த மிருகங்கள் வாங்க ஆளின்றி வரிசையாக நின்றன. 2020இன் கொள்ளை நோய்க் காலத்திலும் அதே காட்சி.

மரமும் குறைந்து வருகிறது. முன்பு வீட்டைச் சுற்றிய குன்றிலேயே கோப்பால் கிடைத்தது. இப்போது தொலைவிலிருந்து வண்டியில் வருகிறது. அதைக் கொண்டு வருபவனுக்கும் ஒரு பங்கு. ஒக்கோத்லான் ஊரைச் சேர்ந்த ஓவியர் ரோதோல்ஃபோ மொராலெஸ், 2001இல் மறைந்தவர், தம் பெயரில் அமைத்த அறநிலையம் கோப்பால் கன்று நடும் வேலைக்குத் தோள் கொடுத்தது. தில்காஹெத்தேயின் பட்டறைக்காரர்களும் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மலைச்சரிவில் கன்று நடுகிறார்கள். நட்ட கன்று கத்தி வைக்கும் அளவுக்குத் தடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆடு கடிக்காமல் காக்க வேண்டும் என்பதால் சுற்றிலும் முள் வேலி கட்டுகிறார்கள்.